எந்த இடத்தில் அடைக்கிறது?

அப்பா வாங்கிய வண்டி. நூறு சிசி, நான்கு ஸ்ட்ரோக், தொண்ணூறுகளின் கடைசியில் வந்தது. ஆடிச் சாரலில் குற்றாலத்து ஐந்தருவி ஏற்றத்தில் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. பத்து நிமிடம் கழித்துக் கிக்கரை உதைத்தால் கிளம்பியது, கொஞ்ச தூரம் ஓடி மறுபடி நின்றது. இப்படியே உதைத்தும் தள்ளியும் தென்காசி வந்து சேர்ந்தேன்.

மெக்கானிக் அண்ணாச்சி வண்டியைத் தொடவே இல்லை. கேள்விதான் கேட்டார். "எந்த எடத்துல அடைக்கி தம்பி?"

"ஐந்தருவி ஏத்தத்துல அண்ணாச்சி."

சிரித்துவிட்டார். "ரோட்டுல எந்த எடம்னு யாரு கேட்டா? கையில எந்த எடம்?" என்று ஆக்சிலேட்டர் பிடியை முறுக்கிக் காட்டினார். கால் முறுக்கிலா, அரையிலா, முழுசா முறுக்கும்போதா? எனக்குப் பதில் தெரியவில்லை. சாரல் சீசனில் அவர் கடை வாசலில் இருபது வண்டி நின்றது. "ஞாயித்துக்கெழம நீங்களே கழத்திப் பாருங்க. பெரிய வித்த ஒண்ணுமில்ல" என்று அனுப்பிவிட்டார்.

கார்ப்பரேட்டர் பழுதைப் பற்றி நான் கேட்டவற்றில் அதைவிடச் சரியான கேள்வி கிடையாது. அது ஏன் சரியான கேள்வி என்று புரிய, முதலில் காற்றைப் பார்க்க வேண்டும். காற்றைப் பார்க்கத் தென்காசியை விட்டால் வேறு ஊர் எது?

மேற்குத் தொடர்ச்சி மலை தமிழ்நாட்டுப் பக்கச் சுவரில் முக்கியமாக மூன்று இடங்களில் காற்றுக்கு வாசல் விட்டிருக்கிறது: பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி. தமிழ்நாட்டுக் காற்றாலைகளில் பெரும்பாலானவை இந்த வாசல்களுக்கு நேரே நிற்பவைதான். தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டை வாசலில் ஆரியங்காவு, புளியரை வழியாக நெருக்கியடித்துக்கொண்டு நுழையும்போது வேகம் கூடுகிறது. அதையே சிறிய அளவில் பார்க்கக் காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலுக்குப் போக வேண்டும். தெருவில் சும்மா வீசிக்கொண்டிருக்கும் காற்று, அந்த ஒன்பது நிலைக் கோபுரத்தின் அடியில் வேட்டி முனையைப் பிடித்து இழுக்கும். குழந்தைகள் அதற்கென்றே அங்கே நின்றுகொண்டு நகர மறுப்பார்கள்.

அகன்ற வழியில் வருகிற காற்று குறுகிய வழியில் நுழைந்தால் வேகம் கூடியாக வேண்டும். பின்னால் வருகிற காற்று காத்திருக்காது. ஆனால் எந்தப் பொருளும் தானாக வேகம் எடுக்காது, பின்னாலிருந்து ஏதாவது தள்ள வேண்டும். அப்படியானால் பின்னால் அழுத்தம் அதிகமாகவும் குறுகிய இடத்தில் குறைவாகவும் இருந்தாக வேண்டும். வேகம் கூடிய இடத்தில் அழுத்தம் குறையும் என்று நாம் பள்ளியில் மனப்பாடம் செய்த பெர்னூலி விதி இவ்வளவுதான். டேனியல் பெர்னூலியின் புத்தகம் 1738-இல் வந்தது. இத்தாலியரான வெஞ்சுரி குறுகலான குழாய்களில் சோதனை செய்து 1797-இல் எழுதினார். இடுப்பு சிறுத்த குழாய்க்கு இன்றும் அவர் பெயர்தான். மலைக் கணவாயை வெஞ்சுரி என்று சொல்வதில் ஒரு சின்னப் பொய் இருக்கிறது. காற்று அங்கே மலைக்கு மேலேயும் ஏறிப் போய்விடலாம், கார்ப்பரேட்டரில் அந்தச் சலுகை இல்லை. ஆனாலும் கோபுர வாசலில் நின்றவருக்குக் கார்ப்பரேட்டர் பாதி புரிந்துவிட்டது.

அப்பா வண்டியின் கார்ப்பரேட்டர் வாய் சுமார் 18 மில்லிமீட்டர், என் கட்டைவிரல் நுழையாது. எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்று ஓடினால், நான்கு ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை மூச்சு இழுக்கும். நிமிடத்துக்கு 3000 மூச்சு, மூச்சுக்கு 100 மில்லி. ஆகக் கூடுதலாக நிமிடத்துக்கு 300 லிட்டர் காற்று. இது அந்த 18 மில்லிமீட்டர் துளைக்குள் புகச் சராசரியாக விநாடிக்கு 20 மீட்டர் வேகம் வேண்டும். மூச்சு இழுப்பது நாலில் ஒரு பங்கு நேரம்தான் என்பதால், இழுக்கும் அந்த நொடித்துகளில் வேகம் 70, 80 மீட்டரைத் தொடும். மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேல், பெரும்புயலின் வேகம். அந்த வேகத்தில் துளையின் இடுப்பில் அழுத்தம், வெளிக்காற்றை விட மூன்று சதவீதம்போலக் குறைகிறது. மூன்று சதவீதம் என்ன செய்யும் என்று தோன்றலாம். பெட்ரோலை 40 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தூக்கும். நமக்கு வேண்டியதோ இரண்டு மூன்று சென்டிமீட்டர்.

கீழே ஒரு சின்னக் கிண்ணம். அதில் மிதவை ஒன்று, வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கிற பந்து மாதிரி. பெட்ரோல் நிறைந்தால் மிதவை எழுந்து ஊசியால் வழியை அடைக்கும், குறைந்தால் இறங்கித் திறக்கும். கிண்ணத்துக்கு வெளிக்காற்றோடு தொடர்புள்ள ஒரு மூச்சுக்குழாயும் உண்டு. எஞ்சின் பெட்ரோலை உறிஞ்சுகிறது என்று வாய் தவறிச் சொல்கிறோம். உண்மையில் அந்த மூச்சுக்குழாய் வழியே வந்து கிண்ணத்துப் பெட்ரோலின் தலையில் உட்கார்ந்திருக்கும் வெளிக்காற்றுதான், அழுத்தம் குறைந்த இடுப்பை நோக்கி அதைத் தள்ளுகிறது. இந்த மூச்சுக்குழாயை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இதன் பங்காளி ஒருவர் கடைசியில் வருவார்.

மிதவையும் தெளிப்பு ஜெட்டும் சேர்ந்த இந்த அமைப்பு 1893-இல் பிறந்தது. ஹங்கேரியில் பாங்கியும் சோங்காவும், ஜெர்மனியில் மைபாக்கும் அதே ஆண்டில் தனித்தனியே வந்து சேர்ந்தார்கள். பூக்காரப் பெண் வாயால் தண்ணீர் தெளிப்பதைப் பார்த்து பாங்கிக்கு யோசனை வந்தது என்று ஒரு கதை உண்டு. கதைக்கு ஆதாரம் தேட வேண்டாம், நன்றாக இருக்கிறது. அங்கிருந்து ஜப்பானின் மிக்குனியோடு கூட்டுச் சேர்ந்து சென்னையில் யூகால் செய்த கார்ப்பரேட்டர் வரை அடிப்படை மாறவில்லை. ஆர்எக்ஸ் 100 ஆனாலும் பழைய புல்லட் ஆனாலும் உள்ளே இருப்பது இதே கிண்ணமும் காற்றும்தான். 2020 ஏப்ரல் 1-இல் பிஎஸ்6 விதி வந்த பிறகு பெரும்பாலான புது மோட்டார் சைக்கிள்களில் ஊசிமருந்துபோலப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. கார்ப்பரேட்டர் இப்போது ஏறக்குறைய பழைய வண்டிக்காரர்களின் சொத்து.

இனி அண்ணாச்சியின் கேள்விக்கு வரலாம். காற்று வேகமாக ஓடினால்தான் இடுப்பில் அழுத்தம் குறையும். வண்டி சும்மா நின்று துடிக்கும்போது காற்று மிகக் குறைவு, கிண்ணத்திலிருந்து இடுப்புக்குப் பெட்ரோல் விடும் பெரிய துளையான மெயின் ஜெட்டிலிருந்து ஒரு சொட்டுக்கூட எழாது. அதனால் அந்த நேரத்துக்கென்று தனியாக ஒரு சின்ன ஜெட், பிடியை முறுக்கினால் எழுந்து காற்றுவழியைத் திறக்கும் ஸ்லைடுக்குப் பின்னால் எஞ்சின் பக்கமாகத் திறக்கும் ஊசித்துளை. அதுதான் ஸ்லோ ஜெட். பிடியை முறுக்க முறுக்க ஒருவரிடமிருந்து ஒருவருக்கு வேலை கைமாறுகிறது. பழைய வாய்ப்பாட்டுக் கணக்கு இங்கே அழகாகப் பொருந்தும். அரைக்கால் முறுக்கு வரை ஸ்லோ ஜெட்டும் அதன் திருகும். அரைக்காலிலிருந்து கால் வரை ஸ்லைடின் அடியில் வெட்டியிருக்கும் சரிவு. காலிலிருந்து முக்கால் வரை ஸ்லைடோடு தொங்கும் கூம்பு ஊசி. முக்காலுக்கு மேல் மெயின் ஜெட். எல்லைகள் கோடு கிழித்தவை அல்ல, ஒன்றில் ஒன்று கலந்தே இருக்கும். ஆனாலும் எந்த முறுக்கில் வண்டி அடைக்கிறது என்று தெரிந்தால் எதைக் கழற்ற வேண்டும் என்று தெரிந்துவிடும். பிடியிலும் அது சுழலும் கூட்டிலும் வெள்ளை டேப் ஒட்டிக் கால், அரை, முக்கால் என்று கோடு போட்டுக்கொண்டு ஒரு நடை ஓட்டினால் போதும். இந்தக் கேள்வியைக் கேட்காமல் திருப்புளியை எடுத்து, வெளியே தெரிகிற இரண்டு திருகையும் ஆளாளுக்குத் திருகித்தான் பாதி வண்டிகள் வீணாகின்றன.

சோக் போட்டால் ஓடும், எடுத்தால் நிற்கும் என்றால் ஸ்லோ ஜெட் அடைப்பு என்று பெரும்பாலும் துணிந்து சொல்லலாம். சோக் காற்றைக் குறைத்தோ பெட்ரோலைக் கூட்டியோ அந்தப் பற்றாக்குறையை மறைக்கிறது, அவ்வளவுதான். முழு முறுக்கில் மட்டும் இழுவை இல்லை என்றால் மெயின் ஜெட்டோ கிண்ணத்துக்குள் வருகிற பெட்ரோலோ போதவில்லை. பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதும் ஒரு சாட்சி: கருப்பு மை படிந்திருந்தால் பெட்ரோல் மிச்சம், வெள்ளை வெளேரென்று இருந்தால் பற்றாக்குறை, காப்பிப்பொடி நிறம் என்றால் நல்லது.

ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் உட்கார்ந்தேன். வீட்டுக்குள் இந்த வேலை கூடாது. பெட்ரோல் ஆவி காற்றை விட மூன்று நான்கு மடங்கு கனம், தரையோடு ஊர்ந்து அடுப்பையோ சாமி விளக்கையோ தேடிப் போகும். ஆடிக் காற்று இருக்கிறது, முற்றம் இருக்கிறது, வேறென்ன வேண்டும்.

முதல் வேலைக்கு எதையும் கழற்ற வேண்டியதில்லை. கிண்ணத்தின் அடியில் ஒரு வடிகால் திருகு இருக்கும். அதன் கீழே சுத்தமான கண்ணாடிப் பாட்டிலைப் பிடித்துத் திறந்து, பாட்டிலைப் பத்து நிமிடம் அசையாமல் வைக்க வேண்டும். என் பாட்டிலின் அடியில் ஒரு ஸ்பூன் அளவு வேறொரு திரவம், கோடு கிழித்த மாதிரி பிரிந்து நின்றது. தண்ணீர்.

குற்றாலத்துக்குப் போய் நனைந்து திரும்பும் வண்டியில் தண்ணீர் சேர்வதில் அதிசயமில்லை. டாங்க் மூடியின் ரப்பர் காய்ந்திருந்தால் சாரல் உள்ளே இறங்கும். தண்ணீர் பெட்ரோலை விடக் கனமானதால் கிண்ணத்தின் அடிக்குப் போகும், ஜெட்டுகள் வாய் வைத்திருப்பதும் அங்கேதான். இன்னொன்றும் உண்டு. தண்ணீரின் பரப்பு இழுவிசை பெட்ரோலைப் போல மூன்று மடங்குக்கு மேல். பெட்ரோல் சுலபமாக நுழையும் ஊசித்துளையில் ஒரு தண்ணீர்த் துளி கார்க் மாதிரி உட்கார்ந்துகொள்ளும்.

எத்தனால் கலந்த பெட்ரோல் இதை இன்னும் சிக்கலாக்கியிருக்கிறது. எத்தனால் தண்ணீரைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். பத்து சதவீதம் எத்தனால் உள்ள பெட்ரோல் ஏறக்குறைய அரை சதவீதம் தண்ணீர் வரை தாங்கும். அதைத் தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் கைகோத்துக்கொண்டு பெட்ரோலை விட்டுப் பிரிந்து கீழே இறங்கிவிடும். இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைக்கும் இருபது சதவீதக் கலவைக்கு வேறொரு விளைவும் இருக்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு ஒன்பதே கிலோ போதும். இருபது சதவீதக் கலவைக்குக் கணக்கு 13.5 பக்கம் வருகிறது. புது வண்டியின் கணினி புகைவழியில் இருக்கும் ஆக்சிஜனை முகர்ந்து பார்த்து எரிபொருளைக் கூட்டிக்கொள்ளும். பழைய கார்ப்பரேட்டருக்கு மூக்கு கிடையாது. அது அதே அளவு பெட்ரோலைத்தான் விடும், வண்டி கொஞ்சம் வறண்டு ஓடும். கூம்பு ஊசியின் தலையில் ஐந்து பள்ளங்களும் ஒரு கிளிப்பும் இருக்கும். கிளிப்பை ஒரு பள்ளம் கீழே மாற்றினால் ஊசி உயர்ந்து கலவை கொஞ்சம் செழிக்கும். இந்த அளவு திருத்தம் போதும் என்பது என் அனுபவம். ஜெட்டைத் துளைபோட்டுப் பெரிதாக்குகிற வைத்தியத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஏன் இல்லை என்பதற்கும் கணக்கு இருக்கிறது. ஸ்லோ ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. 0.40 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பாய்கிற அளவு துளையின் பரப்பைப் பொறுத்தது, பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. துளை 0.44 ஆனால் பெட்ரோல் 21 சதவீதம் கூடும். 0.36 ஆகச் சுருங்கினால் 19 சதவீதம் குறையும். கண்ணுக்குத் தெரியாத படிவு வண்டியை நிறுத்துவதும், குண்டூசி போட்டுக் குடைந்த பிறகு வண்டி கரும்புகை விடுவதும் இதனால்தான். குண்டூசியின் இரும்பு ஜெட்டின் பித்தளையை விடக் கடினம். பழைய மின்வயரில் இருக்கும் தலைமுடி போன்ற செம்பு இழை ஒன்றே ஒன்று போதும். செம்பு மென்மை, பித்தளையைக் கீறாது.

அந்தப் படிவு எங்கிருந்து வருகிறது? நின்றுபோன வண்டியிலிருந்து. கடையநல்லூர், தென்காசிப் பக்கம் வளைகுடாவுக்குப் போனவர்கள் வீட்டு வராந்தாவில் போர்வை போர்த்தி நிற்கிற வண்டிகளைப் பார்த்திருக்கலாம். கிண்ணத்தில் கிடக்கும் பெட்ரோலில் லேசான பகுதி மூச்சுக்குழாய் வழியே ஆவியாகிவிடும். மிச்சம் ஆக்சிஜனோடு சேர்ந்து தேன்போலக் கெட்டியாகி, பிறகு வார்னிஷ் மாதிரி ஒட்டிக்கொள்ளும். விமானம் ஏறுவதற்கு முன் பெட்ரோல் டேப்பை மூடி வடிகால் திருகைத் திறந்து கிண்ணத்தைக் காயவைத்துவிட்டுப் போனால் இந்தத் தொல்லையே இல்லை.

கழற்றும்போது இரண்டு எச்சரிக்கை. ஜப்பானிய வார்ப்பில் வந்த கார்ப்பரேட்டர்களின் பிளஸ் திருகுகள், கடையில் கிடைக்கும் சாதாரணப் பிளஸ் திருப்புளிக்குச் சரியாகப் பொருந்தாது. அழுத்தாமல் திருகினால் வழுக்கித் தலையைத் தின்றுவிடும், நான் ஒன்றைத் தின்னக் கொடுத்தேன். அடுத்து, ஸ்லோ ஜெட்டின் திருகான ஏர் ஸ்குரூவை வெளியே எடுப்பதற்கு முன், மென்மையாக உள்ளே திருகி எத்தனை சுற்றில் உட்காருகிறது என்று எண்ணிச் சுவரில் கரிக்கட்டியாலாவது எழுதிவிட வேண்டும். ஒன்றரை, இரண்டு சுற்று வழக்கம். என்னுடையது நாலேகால் சுற்று! யாரோ எப்போதோ, கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் திருகியிருக்கிறார்கள்.

ஜெட்டுகளைக் கழற்றி, கிளீனர் தெளித்து, சைக்கிள் பம்பால் ஒவ்வொரு வழியாக ஊதினேன். ஒரு துளையில் அடித்த காற்று இன்னொரு துளையில் வெளியே வந்தால் அந்த வழி திறந்திருக்கிறது. வாயால் ஊதுகிற வீரர்கள் உண்டு, பெட்ரோல் நாக்குக்கு நல்லதில்லை. மிதவையைக் காதருகே ஆட்டிப் பார்த்தேன், உள்ளே சலசலப்பு இருந்தால் ஓட்டை என்று அர்த்தம். மிதவை ஊசியின் நுனியில் வளையம்போலத் தேய்மானம் இருந்தால் மாற்றிவிட வேண்டும். ஓவர்ஃப்ளோ ஆகிற வண்டியை அலட்சியம் செய்யக்கூடாது. பெட்ரோல் தரையில் சொட்டினால் காசு போகும், சிலிண்டர் வழியாக ஆயிலில் இறங்கினால் எஞ்சினே போகும். ஆயில் குச்சியை முகர்ந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

மாட்டிய பிறகு கார்ப்பரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் உள்ள ஓரிங்கில் கசிவு பார்க்க, ஐடிலிங்கில் விட்டு இணைப்பின் மேல் தண்ணீர் தெளித்தேன். சத்தம் மாறினால் அங்கே திருட்டுக் காற்று நுழைகிறது. மழையில் நனையும்போது மட்டும் ஒழுங்காகத் துடிக்கிற வண்டியைப் பார்த்தால் முதலில் இந்த ஓரிங்கைத்தான் சந்தேகப்பட வேண்டும். என்னுடையதில் மாற்றமில்லை. எஞ்சின் சூடான பின் ஏர் ஸ்குரூவை மெல்லத் திருகி, சத்தம் உச்சத்துக்கு ஏறுகிற இடத்தில் நிறுத்தி, ஐடிலிங் திருகால் வேகத்தை இறக்கினேன். அரைக்கால், கால், முக்கால், முழு முறுக்கு, எங்கும் இருமல் இல்லை. அப்பா வாங்கிய நாள்போல ஓடியது.

மறுநாள் மாலை ஐந்தருவி ஏற்றத்தில், அதே இடத்தில், நின்றது.

ஓரமாக நிறுத்தி, டாங்கில் பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்தேன். உஸ்ஸ் என்று ஒரு சத்தம், காற்று உள்ளே போகிற சத்தம். மூடியை மறுபடி மூடி உதைத்தேன், ஓடியது. அப்போதுதான் மூச்சுக்குழாயின் பங்காளி நினைவுக்கு வந்தார். டாங்க் மூடியிலும் ஒரு மூச்சுத்துளை உண்டு. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும். என் மூடியின் துளையில் பல வருட வண்டிப் பாலிஷ் கெட்டியாகி ஏறக்குறைய அடைத்திருந்தது.

ஊருக்குள் நாள் முழுக்க ஓடுகிற வண்டி அந்த ஏற்றத்தில் மட்டும் ஏன் நிற்க வேண்டும்? டாங்கிலிருந்து கார்ப்பரேட்டருக்குப் பெட்ரோல் இறங்குவது தன் எடையால். உயரம் 20, 25 சென்டிமீட்டர். அழுத்தமாகச் சொன்னால் வளிமண்டலத்தில் ஒன்றரை சதவீதம்போல. தென்காசி வெயிலில் காய்ந்த டாங்க் குற்றாலச் சாரலுக்குள் நுழைந்ததும் குளிர்கிறது. உள்ளே அடைபட்ட காற்று 5 டிகிரி குளிர்ந்தாலே அழுத்தம் ஒன்றரை சதவீதத்துக்கு மேல் குறையும், பெட்ரோல் ஆவியும் குளிரில் அடங்குவதால் உண்மையில் இன்னும் அதிகம். வெளிக்காற்று கீழிருந்து தாங்கிப் பிடிக்க, பெட்ரோல் இறங்காமல் டாங்கிலேயே தொங்கிவிடும். கவிழ்த்த பாட்டிலின் அடியில் ஓட்டை போட்டால்தான் தண்ணீர் ஒழுங்காக வரும், அதே கதை. கிண்ணத்தில் இருக்கும் முப்பது, நாற்பது மில்லி ஒன்றரை இரண்டு கிலோமீட்டர் ஓட்டும். பேரருவி தாண்டிச் சாரல் பிடித்தால், அது தீர்கிற இடம் ஐந்தருவி ஏற்றம்.

செம்பு இழை சட்டைப்பையிலேயே இருந்தது. துளையைக் குத்தித் திறந்துவிட்டு, திரும்பும் வழியில் அண்ணாச்சி கடையில் நிறுத்தினேன்.

"எந்த எடத்துல அடைச்சிது?" என்றார்.

"ரோட்டுலதான் அண்ணாச்சி" என்றேன்.